தகட்டைக் காப்பாற்றியவர்

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில், தண்ணீரில் கலக்கும் களைமருந்தை அளக்க, அதை உறிஞ்சிக்கொள்ளும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை ஒரு மாதம் ஊறவிட்டிருந்தேன். அதற்குக் காவல், தோட்டத்து வாட்ச்மேன். முழங்காலுக்குக் கீழே அவருக்குத் தோல் உரிந்து வெளுத்திருக்கும். எதையும் பேசுமுன் அந்தக் கால்வாய்த் தண்ணீரிலேயே வாய் கொப்பளிப்பார்.

தகட்டைக் கழற்ற வந்தபோது பெருமையாகச் சொன்னார்: "மருந்தடிக்கிற அன்னிக்கெல்லாம் நானே எறங்கி இத தூக்கி மேல வெச்சிருவேன் சார். கெட்டுப் போயிரும் லா."

"ஒரு மாச வேலையே பாழ்! மூளை இருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன். "இனிமே இதத் தொடாதீங்க."

பயந்துபோய்க் கைகளைப் பார்த்துக்கொண்டார். "தொட்டா கைக்கு ஆகாதா சார்?"

"கைக்கு இல்ல. தகட்டுக்கு ஆகாது."

நிம்மதியாகச் சிரித்தார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாய் கொப்பளித்தார். புதுத் தகட்டைக் கட்ட, நான் கையுறை மாட்டிக்கொண்டேன்.