என் முதுகும் அவளின் சேவலும்

என் முதுகை அக்கா முருகனுக்கு நேர்ந்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

மார்கழி மழையோடு என் மனைவிக்கு டெங்கு வந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள். இரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போன மூன்றாம் நாள், அக்கா எங்கள் ஊர் முருகன் கோயிலுக்குப் போனாள். இவள் பிழைத்தால் பங்குனி உத்திரத்துக்குத் தம்பி செடில் காவடி எடுப்பான் என்று சொல்லிவிட்டு வந்தாள். முதுகுத் தோலில் கொளுக்கிகளைக் குத்தி, பின்னால் ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடிக்க, நான் காவடியோடு ஆட வேண்டும். எனக்கு ஐம்பத்து நாலு வயது. இடது முழங்கால் சரியில்லை.

மனைவி பிழைத்தாள். அவள் வீட்டுக்கு வந்த அன்றே அக்கா கதையை எடுத்தாள்.

"செடில் குத்திறவரிட்டையும் சொல்லிப்போட்டன். நீ விரதம் பிடிச்சால் சரி."

"ஆரைக் கேட்டு நேர்ந்தனி?"

"முருகனுக்கு நேர ஆரைக் கேக்கோணும்?"

"என்னை. முதுகு என்ரை."

"பெண்சாதி சாகக் கிடந்தவள். உவருக்கு முதுகு பெரிசாப் போச்சு."

எடுக்க மாட்டேன் என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும். நீ வேதத்துக்கு மாறீட்டாய்."

எங்கள் ஊருக்கு வெளிநாட்டுச் சாமி என்றால் ஒன்றுதான், அது வேதக்காரரின், அதாவது கிறிஸ்தவர்களின், சாமி. நான் கும்பிடுவது கிரேக்க நாட்டுப் பழைய தெய்வங்களை. அந்த நாட்டு வேதக்காரருக்கே அதுகளைக் கண்ணில் காட்டக் கூடாது. எத்தனை தரம் சொன்னாலும் அக்காவுக்கு இது ஏறாது.

சுவிஸுக்கென்று வெளிக்கிட்ட என்னை ஏஜென்சிக்காரன் ஏதென்ஸில் விட்டுவிட்டு மறைந்துவிட்டான். ஒன்பது வருடம் அங்கே வீட்டுத் தரைகளுக்கு ரைல்ஸ் பதித்தேன். என்னை வேலைக்கு வைத்திருந்த மேசன் சாப்பிட முதல் வைனில் ஒரு மிடறை மண்ணில் வார்ப்பான். வார்த்துவிட்டு ஏதோ சொல்லுவான். அவனுடைய தாயே அவனைப் பிசாசு பிடித்தவன் என்று திட்டினாள். அவன் கணக்கெடுக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

ஒருநாள் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து முழங்காலை உடைத்தேன். கட்டுப் போட்ட பிறகு, ஒரு பழைய கோயில் இடிந்து கிடந்த இடத்துக்கு அவன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். வைத்தியத்துக்கான தெய்வம், பெயர் அஸ்கிலிப்பியோஸ். தடியைச் சுற்றிக்கொண்டு ஒரு பாம்பு. பாம்பைக் கண்டதும் என் கை தானாகக் கூடியது. நாகதம்பிரானைக் கும்பிட்டு வளர்ந்த கை அது. முருகனை விடு, பிள்ளையாரை விடு என்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. இருக்கிறவர்களோடு இவரும் இருக்கட்டும் என்றான்.

முழங்கால் முழுதாகச் சுகம் வரவில்லை. இன்றைக்கும் நோகிறது. அப்படியிருந்தும் கும்பிடுகிறேன்.

ஊருக்குத் திரும்பிக் கிணற்றடியில் அவருக்கென்று ஒரு சீமெந்துக் கட்டை கட்டி, மீந்த ரைல்ஸ் ஒட்டினேன். அங்கே வைன் என்றால் இங்கே தவறணைக் கடையில் வாங்கிய பனங்கள்ளு. பக்கத்து வளவுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது: "வாயிலை ஊத்தினால் குடிகாரன் எண்டாவது சொல்லலாம். உவன் மண்ணுக்கெல்லோ ஊத்துறான்."

எனக்குச் சந்தேகம் இல்லை என்று நினைக்க வேண்டாம். எத்தனையோ நூறு வருடமாகக் கோயில் இடிந்து, ஆள் விட்டுப்போன சாமி. இந்தக் குடாநாட்டில் அவரைக் கூப்பிடுகிறவன் அநேகமாக நான் ஒருவன்தான். அதுவும் தமிழில் கூப்பிடுகிறேன். கேட்குமா, கேட்காதா, தெரியாது. சில காலையில் ஒரு சீமெந்துக் கட்டையோடு கதைத்துவிட்டு வருகிறேன் என்றுதான் படும். தனக்கு எல்லாம் நிச்சயம் என்கிறவன் எந்தக் கோயிலில் நின்றாலும் பொய் சொல்கிறான்.

அக்கா கோயிலுக்குப் போன அதே மூன்றாம் நாள், நானும் வார்டுக்கு வெளியே ஒரு மரத்தடியில் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வார்த்தேன். இவளைத் தா, வீட்டில் நிற்கிற சேவலைத் தருகிறேன் என்றேன். சுகம் தந்தால் சேவல் அறுப்பது அந்தத் தெய்வத்துக்குப் பழைய வழக்கம். அவளைக் காப்பாற்றியது டொக்டர்மாரும் சேலைனும் என்று எனக்கும் தெரியும். அது தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

இதைக் கேட்ட அக்காவுக்கு இன்னும் கோபம். "சேவல் முருகன்ரை கொடியிலை நிக்கிறது. அதை அறுத்து ஆரோ ஒருத்தருக்குக் குடுக்கப்போறியோ?"

அக்காவின் கோபத்தை நான் தாங்குவேன். மனைவியின் பயத்தைத்தான் தாங்க முடியவில்லை. பின்னேரமானால் கழுத்தில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பாள். செடில் குத்தாவிட்டால் வருத்தம் திரும்பி வரும் என்று அவளுக்குள் இறங்கிவிட்டது.

"இஞ்சாருங்கோ, எனக்காகச் செய்துவிடுங்கோவன்."

"முருகன் இல்லையெண்டு நான் சொல்லேல்லை. அவர் இருக்கட்டும். ஆனால் ஒருத்தற்றை உடம்பை இன்னொருத்தர் நேரேலாது. தன்ரையைத்தான் நேரலாம். விளங்குதோ உமக்கு?"

அவள் கோழிகளுக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அப்ப என்ரை சேவல்?"

தாய்க்கோழியைக் கீரி பிடித்த பிறகு, ஒரு மட்டைப்பெட்டிக்குள் பல்ப்பைக் கொளுத்தி வைத்து அவள் வளர்த்த குஞ்சு அது. அவள் காலடியிலேதான் திரியும்.

"நீங்களும் என்னைக் கேக்கேல்லைத்தானே" என்றாள். "உங்கடை சாமி சேவலில்லாமல் பொறுக்குமெண்டால் முருகனும் பொறுப்பார். பொறுக்காட்டி ரெண்டு பேரும் பொறுக்கமாட்டினம். நடுவிலை கிடக்கிறது நான்."

இரண்டு நாள் கட்டையடிக்குப் போகவில்லை. கோபம் அவளோடு இல்லை. சேவலைக் கொடுக்காமல் விட்டால் அவளுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று எனக்கும் பயம் வந்தது. சீமெந்துக் கட்டைக்கு எவனாவது பயப்படுவானா? நான் நம்புகிறேன் என்பது எனக்கு அந்தப் பயத்தில்தான் பிடிபட்டது. அதுவே என்னை இன்னும் கோபப்படுத்தியது. என்னைப் பயமுறுத்தி வாங்குகிற சாமி எனக்கு வேண்டாம். அது எந்த நாட்டுச் சாமியாக இருந்தாலும்.

மூன்றாம் நாள் விடிய ஒரு போத்தல் கள்ளோடு போய்க் கட்டையின் முன்னால் நின்றேன்.

"சேவல் என்ரை இல்லை. இல்லாததைத் தாறன் எண்டு சொல்லிப்போட்டன். தரமாட்டன். கோவமெண்டால் என்னோடை வையும். அவளிலை கை வைக்காதையும்."

போத்தல் முழுவதையும் வார்த்தேன். ஒரு காகம் வந்து ஈரத்தைக் கொத்திவிட்டுப் போனது. வேறொன்றும் நடக்கவில்லை.

அப்படியே அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். நீயும் போய் முருகனிடம் சொல்லு என்றேன்.

"எந்த முகத்தோடை போய்ச் சொல்லுறது?"

"இருக்கிற முகத்தோடை போ."

"நீயும் வாறியோ?"

"வாறன்."

உத்திரத்தன்று அக்கா தன் தலையில் பால்செம்பு வைத்துக்கொண்டு நடந்தாள். நான் மேல்சட்டை இல்லாமல் பக்கத்தில் நடந்தேன். செடில் குத்தி ஆடிவந்த ஒருவன் இளைத்துக்கொண்டே கேட்டான்: "என்னண்ணை, முதுகைப் பத்திரமாப் பூட்டி வைச்சிருக்கிறியளோ?"

"ஓம். திறப்பு என்னட்டை" என்றேன்.

வாசலில் அக்கா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. நான் என் பங்குக்கு முருகனிடம் நேரே சொன்னேன்: அக்கா விட்ட பிழையை நானும் விட்டவன். இனி விடமாட்டேன்.

சித்திரையில் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் இரத்தம் சோதித்தேன். டெங்கு இல்லை என்றார்கள். என்றாலும் காய்ச்சல் மூன்று நாள் விடவில்லை. அக்கா கஞ்சியோடு வந்து, என் முதுகைப் பார்த்துவிட்டு, செடில் கதையை எடுக்காமல் போனாள். அந்த மூன்று நாளில் இரண்டு தரம் நான் சேவலைப் பார்த்தேன். கத்தியைத் தொடவில்லை.

நாலாம் நாள் காலை உடம்பு குளிர்ந்திருந்தது. அவள் எழும்பி இருந்து கேட்டாள்:

"சேவலுக்குத் தீன் போட்டனீங்களோ?"

"போட்டனான்" என்றேன்.