எண்ணெய்க் கம்பெனிக்கு எழுதிய இரண்டாவது மெயில்

பதில் வராமல் இருந்தவரைக்கும் பயம் ஒரு அளவில்தான் இருந்தது. திரும்ப எழுதிக் கேட்க வேண்டும் என்று ஆன பிறகுதான் அது அளவு மீறியது.

தென்காசியில் இருந்துகொண்டு குற்றாலத்தைப் பற்றிச் சின்னச் சின்ன வீடியோ போடுகிறவள் நான். சென்னையில் ஒரு தலை எண்ணெய்க் கம்பெனிக்கு, அருவிக்குப் போகிறவர்கள் எண்ணெய் தேய்ப்பதை வைத்து ஒரு வீடியோ செய்து தருகிறேன் என்று எழுதியிருந்தேன். சீசன் முடிந்தால் அதை யார் கேட்பார்கள்? இந்தச் சாரல் சீசனிலும் ஒன்றும் அமையாவிட்டால் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுகிறேன் என்று வீட்டில் வாக்கு வேறு கொடுத்திருந்தேன்.

ஒன்பதாவதோடு நின்றவள் நான். ஆபீசில் இருக்கிறவர்களிடம் ஒன்றை இரண்டாம் முறை கேட்டால் வள்ளென்று விழுவார்கள் என்பதுதான் நான் கண்டது. என் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு மற்ற கம்பெனிகளிடமும் சொல்லிவிடுவார்களோ என்றெல்லாம் புத்தி ஓடியது. ஒருவழியாக எழுதி, அனுப்பிய பிறகுதான் அக்காவிடம் காட்டினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: நலமா, சென்னையில் வெயில் எப்படி, இங்கே சாரல் அருமையாக இருக்கிறது, குடும்பத்தோடு அவசியம் ஒருதடவை வாருங்கள்.

"ஏட்டி, வீடியோ என்னாச்சுன்னு எங்க கேட்டிருக்க?"

"எடுத்த எடுப்புல எப்படிக்கா கேக்க?"

எங்கள் பக்கத்தில் காரியமாக வருகிறவர் மழையைப் பேசி, காப்பி குடித்து, செருப்பை மாட்டும்போதுதான் வாயைத் திறப்பார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். காரியம் வருவதற்குள் மெயில் முடிந்துவிட்டது.

"கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுத மாதிரிலா இருக்கு. வாரேன்னுதான் பதில் போடுவாவ."

அப்படியேதான் வந்தது. கம்பெனியில் விளம்பரம் பார்க்கும் மேடம் நன்றி சொல்லி, சனிக்கிழமை பிள்ளைகளோடு வருவதாக எழுதி, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்றும் கேட்டிருந்தார். சீசனில் ஊர்க்காரர் எல்லோருக்கும் வருகிற கேள்விதான் அது. வீடியோவைப் பற்றி ஒரு வரி இல்லை. தண்ணீர் நன்றாக விழுகிறது என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டு, வீடியோ வேண்டுமா வேண்டாமா என்றும் கீழே சேர்த்துவிட்டேன். நேரில் பேசலாம் என்று பதில்.

வெள்ளிக்கிழமை மலையில் அடைமழை. விடிந்து பார்த்தால் வெள்ளம். எந்த அருவியிலும் குளிக்க விடவில்லை. என்னை நம்பி அத்தனை தூரம் வருகிறவர்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன திட்டு விழும் என்பதே நினைப்பு. பழைய குற்றாலத்துக்குப் பிரிகிற விலக்கு வந்தபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது.

மெயின் அருவிக்குப் பக்கத்தில் அந்த மேடம் நின்றார்; மெயிலில் இருந்த போட்டோவை வைத்து அடையாளம் கண்டேன். அவர் தலையிலும் பிள்ளைகள் தலையிலும் எண்ணெய் வழிந்தது. போலீஸ் கயிறு கட்டியிருந்தது. சுற்றிலும் அதேபோல் எண்ணெய்த் தலைகள், ஏக்கமாக அருவியைப் பார்த்தபடி. அவரிடம் போய் என்னவென்று நலம் விசாரிப்பது?

"மேடம், நான்தான் மெயில் போட்டவ. அந்த வீடியோ வேணுமா, வேண்டாமா?"

அவர் புருவத்தில் இறங்கிய எண்ணெயை வழித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா இருந்தா எடுத்துக்கறோம். இதோ, இந்தக் கூட்டத்தையே எடுங்க பாப்போம்."

எடுத்தேன். முதலில் எடுத்த வீடியோ முழுக்க ஆடியது; மறுபடி எடுத்தேன்.