ஏலத்துக்கு வந்த பூசணிக்காய்

தங்கபுஷ்பத்துக்கு எதையும் வெறுமனே பார்க்கப் பொறுக்காது. தெற்கே நாசரேத்திலிருந்து கல்யாணமாகி, மராத்தி பேசும் போபோடிக்கு வந்த புதிதில் கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை தைத்தாள். அப்புறம் மிக்ஸிக்குத் தொப்பி. வீட்டில் டெலிபோன் கிடையாது. அதற்கும் உறை பின்னித் தயாராக இருந்தது. "ஆதாம் ஏவாளுக்கு ஆண்டவரே உடுப்பு செஞ்சு போட்டாரே. முதல் தையல்காரர் அவருதான்" என்பாள். பக்கத்துக் கட்கி பாக்டரியில் வேலை பார்த்த கணவன் ஜான், சைக்கிள் சீட்டில் பூப்போட்ட உறையோடு ஷிஃப்டுக்குப் போய்வந்தான்.

வெகுநாள் ஜெபித்துப் பிறந்தவள் அம்மு. தொண்ணூற்று நாலாம் வருஷத்து அறுப்பின் பண்டிகைக்கு அவளுக்கு ஒரு பூசணிக்காய் உடுப்பு பின்னினாள் தங்கபுஷ்பம். ஆரஞ்சு உல்லனில் தலையோடு சேர்த்து மூடும் உடுப்பு. வரிவரியாக மேடு, உச்சியில் பச்சைக் காம்பு, பக்கத்தில் ஒரு இலை. இலையில் பூச்சி அரித்த ஓட்டைகூட இருந்தது.

அன்று ஆராதனை முடிந்ததும் சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த காய், கோழி, கேக் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஆண்டவருக்கு வைத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது என்பது சபையின் கட்டளை. போன வருஷம் ஏலத்தின் நடுவே கோழி முட்டையிட்டுவிட, முட்டை யாருக்கு என்று கமிட்டியே கூடியது.

தூங்கிவிட்ட அம்முவைக் காய்கறி மேஜையில் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, கேக் வெட்டக் கத்தி தேடிப் போனாள் தங்கபுஷ்பம். கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த மூப்பர் அருமைநாயகம் அடுத்த பொருளைத் தூக்கினார்.

"நல்ல கனமான பூசணி! கேளுங்க, கேளுங்க!"

முதலில் கேட்டது, ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்த ஜான். பூசணிக்காய்க் கூட்டு என்றால் அவனுக்கு உயிர். ஜெயசீலி டீச்சர் ஏற்றினாள். ஜான் ஏற்றினான். டீச்சர் மறுபடி ஏற்றவும், "ஒரு காய்க்கு இவ்வளவா?" என்று உட்கார்ந்துவிட்டான்.

"மூணு தரம்!"

மணியடித்ததும் பூசணிக்காய் வீரிட்டு அழுதது.

தங்கபுஷ்பம் கத்தியோடு ஓடிவந்தாள். சபை சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தனிக்கட்டை, மடியில் வந்து விழுந்த கனத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

"ஏலத்துல எடுத்தாச்சு. இனி கேக்கக் கூடாது."

"டீச்சர், வெளையாடாதீங்க. அது எம் பிள்ளை."

"உங்க வீட்டுக்காரரே விட்டுட்டாரே?"

ஜான் தலையைத் தொங்கப்போட்டான். மூப்பர் கட்டளையைச் சொன்னார். போதகர் சமாதானமாக, "அன்னாள் தான் பெத்த சாமுவேலை ஆலயத்துக்குக் குடுக்கலையா, தங்கபுஷ்பம்?" என்றார்.

"குடுத்தா ஐயா. அப்புறம் வருஷா வருஷம் சட்டை தைச்சு எடுத்துக்கிட்டு அலைஞ்சா. அவ பட்ட பாட்டை யாரு எழுதி வச்சா?"

இளம் மூப்பர் ஒருவர், கோழி முட்டை விஷயத்தில் எடுத்த முடிவு இதற்குப் பொருந்துமா என்று பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

தங்கபுஷ்பம் மேஜையில் கத்தியை வைத்தாள். டீச்சர் முன் மண்டியிட்டு, அம்முவின் பாதத்தருகே இருந்த முடிச்சைப் பல்லால் கடித்து நூலை இழுத்தாள். ஒரே நூலில் பின்னியது. சரசரவென்று கால் போனது, வயிறு போனது, வரிகள் ஒவ்வொன்றாக நேராகி நூலாகி ஓடின. அழுதுகொண்டிருந்த பிள்ளைக்குக் கூச்சமெடுத்துச் சிரிப்பு வந்தது. உச்சி அவிழ்ந்து காம்பு தனியே உருண்டபோது மிச்சமிருந்தது வெறும் பனியன் போட்ட அம்மு.

தங்கபுஷ்பம் உல்லனை இரண்டு கையாலும் அள்ளினாள். மேலே காம்பையும் இலையையும் வைத்தாள்.

"இந்தாங்க டீச்சர், உங்க பூசணிக்காய். முழுசா இருக்கு, பாத்துக்கிடுங்க."

வாங்க டீச்சருக்குக் கை வேண்டியிருந்தது. அம்முவின் பனியனை ஒருதரம் இழுத்துவிட்டாள். பிறகு பிள்ளையை விட்டுக் கையை விரித்தாள்.

"பொருள் சேந்தாச்சு," என்றார் மூப்பர். "அடுத்தது வாழைத்தார்." இந்தமுறை தூக்குவதற்கு முன் ஒருதரம் கிள்ளிப் பார்த்தார்.

அம்முவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தங்கபுஷ்பம் ஜானிடம் போனாள்.

"வெலை கூடிப்போச்சுன்னு பிள்ளைய விட்டவரே, சட்டையக் கழட்டுங்க. பிள்ளைக்குக் குளிருது."