எர்த்துக்காரர்

"மிதி!" என்று கத்திவிட்டு, காரின் பின்னால் குந்தியிருப்பவர் சிவப்பு விளக்கையே முறைத்துப் பார்க்கிறார். ஓட்டுநர் இருக்கையில் அவர் மனைவி பிரேக்கை மிதிக்கிறார். சாலை இரைச்சலில் அதற்கு மேல் பேச்சு எடுபடாது. அதனால் இருவருக்கும் நடுவே ஒரு கைமொழி உண்டு. அவர் தலைக்கு மேல் முஷ்டியை மூடிக் காட்டினால் விளக்கு எரியவில்லை, விரல்களை விரித்தால் எரிகிறது. கண்ணாடியில் அதைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் அடுத்த சுவிட்சுக்குப் போவார்.

பழைய கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கும் இந்த மனிதரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லி விசாரிப்பதில்லை. எர்த்துக்காரர் என்றால்தான் கடைக்கு வழி காட்டுவார்கள். ஹார்ன் கம்மிப்போனால் எர்த்து. முகப்பு விளக்கு மங்கினால் எர்த்து. "கரண்டு போயிடும் சார், அதுக்கு வயர் இருக்கு. திரும்பி வர்றதுக்கு வண்டியோட தகரம்தான் பாதை, அதான் எர்த்து. அங்க துரு புடிச்சு அடைச்சிக்கிச்சுன்னு வைங்க, பாவம் அது என்ன பண்ணும்? பக்கத்து வீட்டுக்குள்ள பூந்துதான் போகும்" என்பார். அவர் மாமியாருக்கு முழங்கால் வலி வந்தால்கூட முதலில் எர்த்தைத்தான் பார்ப்பார் என்பது பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரின் கிண்டல்.

கழுத்தில் எப்போதும் கரண்டு வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் லாம்ப் தொங்கும். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார். புதுக் கார்களோடு அவருக்கு ஒட்டுதல் இல்லை. "அதுங்க கம்ப்யூட்டர்கிட்டதான் பேசும். நம்மள மதிக்காது." பழைய கார் ஒன்று வைப்பரைப் போட்டால் ஹார்ன் அடிக்கிறது என்று வந்து நின்றால் போதும், மனிதருக்குத் தலைகால் புரியாது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லில் டேப்பைக் கடித்தபடி அடியில் நுழைந்துவிடுவார். கோளாறு எவ்வளவுக்கு எவ்வளவு ஒளிந்துகொள்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு குஷி. அகப்பட்டதும் தொடையில் ஓங்கி ஒரு தட்டு: "மாட்னியா!"

போன வாரம் அந்தக் குஷிக்கே சோதனை வந்தது. கோளாறு அவருடைய சொந்தக் காரில்.

அவர்கள் கல்யாணத்தைவிட வயதான கார் அது. அன்று மத்தியானம் அதை ஓட்டிக்காட்டித்தான் அவர் மனைவி லைசென்ஸ் வாங்க வேண்டும். லைசென்ஸ் இருந்தால் சின்னப் பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் வேன் ஓட்டும் வேலை. பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள், இந்த வாரத்துக்குள் வராவிட்டால் வேறு ஆள் என்று. கடையில் இத்தனை காலம் நின்ற வண்டிகளிலேயே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தவர், இனி ஓடுகிற வண்டியில் தன் வேலைக்காக மிதிக்கப் போகிறார். அந்தச் சந்தோஷத்தில் எர்த்துக்காரர் ஒரு வாரம் மெனக்கெட்டுக் காருக்குப் புதுப் பெயின்ட் அடித்து, பின்விளக்குகளைக் கழற்றி மாட்டி, மணப்பெண் மாதிரி நிறுத்தியிருந்தார்.

காலையில் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று "மிதி!" என்றார். பிரேக் விளக்கு சோகையாக எரிந்தது. கூடவே, யாரும் போடாத இண்டிகேட்டரும் மினுங்கியது. இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் விளக்கு சேர்ந்து கண்ணடித்தது. இப்படிப் போய் நின்றால் வண்டியைச் சோதனை மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்.

"அடிசக்கை! நம்மகிட்டயேவா?" என்று துள்ளினார். பல்புகளை மாற்றினார். ஃப்யூஸ்களைத் துடைத்தார். இண்டிகேட்டர் ரிலேயை மாற்றினார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சுவிட்சைப் பிரித்துக் குடலை உருவுவதுபோல் வயர்களை வெளியே இழுத்துப் போட்டார். ஒன்றுக்கும் மசியவில்லை. அவர் முகமோ பிரகாசித்துக்கொண்டே போனது.

"நீங்க சந்தோஷமா இருக்கறதப் பாத்தாதாங்க எனக்குப் பயமா இருக்கு" என்றார் மனைவி. பிறகு தயங்கித் தயங்கி, "ஏங்க, எர்த்தப் பாத்தீங்களா?"

"அத எதுக்குப் பாக்கணும்? நானே போட்டது. புது வயரு, புது போல்ட்டு."

பஞ்சர் கடையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. "ஊரான் வண்டின்னா முதல்ல அதத்தானய்யா பாப்ப!"

மனைவி இறங்கி வந்தார். டிக்கிக்குள் குனிந்து, விளக்குக்குப் பின்னால் இருந்த போல்ட்டை விரலால் தொட்டார். "இதுக்கு அடியில பெயின்ட் இருக்கே. பெயின்ட்ல கரண்டு போகுமா?"

எர்த்துக்காரர் ஸ்பேனரை எடுத்து போல்ட்டைக் கழற்றினார். அடியில் பெயின்ட் கண்ணாடியாகப் பளபளத்தது. மூலைமுடுக்கு விடாமல் பாசமாக அடித்ததில் தகரமே தெரியவில்லை. ஊர் வண்டிகளின் எர்த்தையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்கிறவர், தன் வண்டியின் எர்த்தைத் தானே பூசி மெழுகியிருந்தார். காதுமடல் சிவந்தது. அப்புறம் தொடையில் ஓங்கித் தட்டி, "மாட்னேன்!" என்று அவரே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

உப்புத்தாளால் அவர் அந்தப் பெயின்ட்டைத் தேய்த்தபோது ஒவ்வொரு இழுப்புக்கும் முகம் சுளித்தது. இருந்தாலும் விடவில்லை. வெள்ளைத் தகரம் தெரிந்ததும் வயரை வைத்து முறுக்கினார். "மிதி!" பிரேக் விளக்கு பளீரென்று எரிந்தது. இண்டிகேட்டர் தன் வேலையைத் தான் பார்த்தது. இரண்டு கைகளையும் தூக்கி, பத்து விரல்களையும் விரித்துக்கொண்டு குதித்தார்.

சோதனை மைதானத்துக்குள் அவரை விடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். கார் வளைந்து மரங்களுக்குப் பின்னால் போகும்வரை இண்டிகேட்டர் சிமிட்டலுக்கு ஏற்ப அவர் கை தானாக மூடி மூடித் திறந்தது. அது மறைந்த பிறகு போல்ட்டைப் பற்றிய கவலை போய்விட்டது. மனைவியைப் பற்றிய கவலை பிடித்துக்கொண்டது. ராத்திரி தூக்கத்தில்கூட அந்த அம்மாள் "கிளட்ச், கியர், கிளட்ச்" என்று முணுமுணுத்தது ஞாபகம் வந்தது.

கார் திரும்பி வந்து கேட்டுக்கு உள்ளேயே நின்றது. பக்கத்து இருக்கையிலிருந்த அதிகாரி இறங்கி, முகத்தில் எதையும் காட்டாமல் நடந்து போனார். எர்த்துக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வெயிலில் கண்ணாடி மின்னியதில் மனைவியின் முகம் தெரியவில்லை.

ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்து, காரின் கூரைக்கு மேலே உயர்ந்தது. முஷ்டி மூடியிருந்தது. அவருக்கு உயிரே போய்விட்டது.

அப்புறம் விரல்கள் விரிந்தன.