ஏணி பிடிக்க ஆளில்லை

மலைமேல் அரியூர் நாட்டில் மிளகு பறிக்க இரண்டு பேர் வேண்டும். ஒற்றை மூங்கில் ஏணியில் ஒருவன் ஏற, கீழே ஒருவன் பிடித்துக்கொள்ள. இளவட்டமாக இருந்த நாளிலிருந்து அர்த்தனாரிக்கு ஏணி பிடித்தவன் குழந்தைசாமிதான். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்து மாசியில் அவனும் இல்லை, வேறு ஆளும் வரவில்லை.

குழந்தைசாமி பெண்டாட்டி ராமாயியை உலக்கையால் அடித்தான். கை ஒடிந்து அவள் தாய்வீடு போய்விட்டாள். அடுப்படியில் வழுக்கி விழுந்துதான் கை ஒடிந்தது, அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள் என்று அவன் ஊர்க்கூட்டம் கூட்டச் சொன்னான். ஊரே பார்த்த அடி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க, ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அர்த்தனாரி மட்டும், "கூட்டத்துல பாத்ததைச் சொல்லுவேன்" என்றான். ஊரோடு ஒத்து வாழத் தெரியாதவன் என்று அன்றோடு அவனைக் கைகழுவினார்கள். டீக்கடையில் அவன் தலையைக் கண்டதும் பேச்சு நின்றது.

குழந்தைசாமி மேல் அவனுக்கு ஆத்திரம் கொதித்தது. ஆனால் மனம்விட்டுப் பேச அவனை விட்டால் வேறு ஆளும் இல்லை. இந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்வது?

கூட்டத்துக்கு முந்தின நாள் குழந்தைசாமி தானாகவே தோட்டத்துக்கு வந்து ஏணியைப் பிடித்தான். அர்த்தனாரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஏறினான். உச்சியில் கொடிக்குள் கைவிட்டிருக்கும்போது கீழேயிருந்து குரல் வந்தது.

"நாளைக்குப் பாக்கலைன்னு சொல்லிப்போடு பங்காளி. எப்பவும்போல நானே ஏணி புடிக்கறேன்."

அர்த்தனாரி மரத்தைக் கட்டிக்கொண்டான். "பாத்தேன் பங்காளி. நீ ஓங்கின கையைப் புடிக்காம வாசல்லயே நின்னுட்டேன். அதுதான் எனக்குப் பொறுக்கல."

குழந்தைசாமி ஏணியை விட்டுவிட்டு நடந்தான். அர்த்தனாரி மரத்தோடு உரசி, முழங்கைத் தோல் உரிய இறங்கினான்.

மறுநாள் கூட்டத்தில் பார்த்ததைச் சொன்னான். "வேற யாராச்சும் பாத்தீங்களா?" என்றார் ஊர்க்கவுண்டர். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் குழந்தைசாமியின் தம்பி மாணிக்கம் எழுந்தான்.

"நானும் பாத்தனுங்க."

அதன்பிறகு இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ராமாயி புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியதில்லை என்று தீர்ப்பானது.

கூட்டம் கலைந்தும் குழந்தைசாமி தலையைத் தொங்கப்போட்டுத் தனியே உட்கார்ந்திருந்தான். அர்த்தனாரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். குழந்தைசாமி எழுந்து போய்விட்டான்.