பருப்பு வேகும் தண்ணீர்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த சமயத்தில், கள்ளக்குறிச்சிக்கு வெளியே புதிதாக மனை போட்டு வந்த ஒரு நகரில் வீடு பார்க்கப் போனேன். கல்வராயன் மலையில் புளி மூட்டை தூக்கி, ஊர் ஊராகத் திரிந்து அலுத்துவிட்டது. இனி ஒரே இடத்தில் இருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். பஸ் ஓடாததால் நடந்தே போனேன்.

எங்கள் பக்கத்தில் வீடு வாங்குகிறவர்கள் முதலில் அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பை வேகவைத்துப் பார்ப்பார்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. தரகரிடம் சாவி வாங்கிக்கொண்டு போய், கொல்லையில் மூன்று கல் வைத்து நானும் அடுப்பு மூட்டினேன். பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வெந்துடிச்சாங்க? இந்தத் தண்ணியில வெச்சா எங்க வூட்டுக்காரரு பல்லு இல்லாமலே துண்ணுவாரு" என்று சிரித்தாள். "உங்க வூட்ல எத்தினி பேருங்க?"

"நான் ஒருத்தன்தாங்க."

அவள் சிரிப்பு நின்றது. "கோச்சுக்காதீங்க. மரம் வெட்டுனவங்கன்னு போலீசு தனி ஆம்பளைங்களாப் பாத்து இஸ்துக்கினு போவுது. நீங்க வந்தா எங்க புள்ளைங்களையும் சேத்துப் புடிப்பாங்க. சம்சாரத்தோட வாங்க, தாராளமா இருங்க."

சம்சாரத்துக்கு நான் எங்கே போவேன்? பருப்பு குழைய வெந்திருந்தது. உப்புப் போட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது தரகர், "தண்ணி எப்டி?" என்றார்.

"நல்ல தண்ணிங்க. குடும்பஸ்தர் யாருக்காச்சும் காட்டுங்க" என்றேன்.