அடியில் ஒரு புள்ளி

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்ன லேபிள் இருக்கிறது. ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியிலிருந்து ஜப்பானுக்குப் போகும் ஜோடிகளில் ஒட்டுவதற்காக நான் அச்சடித்தது. அதில் ஓர் எழுத்தைச் சுற்றி நீலப் பேனாவால் வட்டம் போட்டிருக்கும். போட்டவர், பேக்கிங் மேசையில் கடைசியாகச் சரிபார்த்து ‘பாஸ்’ முத்திரை குத்தும் பாஜி. உருதுவில் அக்காவை அப்படி அழைப்பார்கள். எங்கள் கம்பெனியில் எல்லோருக்குமே அவர் பாஜிதான்.

அந்த எழுத்துக்கு ‘அடிப்பாகம்’ என்று பொருள். சோல் எதனால் ஆனது என்று சொல்லும் வரியில் வரும். ஜப்பானியர் அதன் அடியில் ஒரு கோடு போடுவார்கள், சீனாவில் புள்ளி வைப்பார்கள். கம்ப்யூட்டருக்கோ இரண்டும் ஒரே எழுத்து. இது இன்ன மொழி என்று நாம் குறித்துக் கொடுப்பதையும் எழுத்துருவையும் பார்த்துத்தான் எந்த உருவத்தைக் காட்டுவது என்று அது முடிவு செய்யும். இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. பாஜிக்கோ இரண்டு மொழியுமே தெரியாது. ஜப்பானிலிருந்து ஒப்புதல் ஆகி வந்த சாம்பிள் லேபிளை ஒரு கையிலும் என்னுடையதை மறு கையிலும் வைத்துக்கொண்டு, “இன்னா சார், அதுல அடியில கோடு இருக்குது, உங்களுதுல புள்ளி இருக்குதே?” என்றார்.

“ரெண்டும் ஒண்ணுதான் பாஜி. கம்ப்யூட்டர்ல ஒரே நம்பர்” என்று சிரித்தேன். படித்தவன் என்ற திமிர். “நம்பர் ஒண்ணாவே இருக்கட்டும் சார். எங்க உருதுகூட சில போன்ல அரபி மாதிரி நேரா படுத்துக்கினு வருது. படிச்சிடலாம். ஆனா அது எங்க எழுத்து இல்லியே” என்று முத்திரையைக் கீழே வைத்துவிட்டார். லாரி வாசலில் நின்றது. மேனேஜர் வந்து என்னைக் கேட்டார். லேபிள் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அத்தனை பேர் பார்க்க, பாஜியை நூல் வெட்டும் மேசைக்கு அனுப்பினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் உட்காரும் இடம் அது. முத்திரை வேறொருத்தி கைக்குப் போனது.

அவர் சொன்னது தப்பு என்று காட்டத்தான் ஃபைலைத் திறந்தேன். பழைய சீன ஆர்டரின் ஃபைலிலேயே வேலை செய்திருக்கிறேன். மொழி ‘சீனம்’ என்றே இருந்தது. ‘ஜப்பானியம்’ என்று மாற்றினேன். புள்ளி போய்க் கோடு வந்தது. உடனே எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடித் தடுப்பு வழியே பாஜி தலை குனிந்து நூல் வெட்டுவது தெரிந்தது. அதற்குமேல் முடியவில்லை. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். பெட்டிகள் லாரியிலிருந்து இறங்கின. நான் வாங்கிய திட்டு மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. முத்திரை பாஜியிடம் திரும்பியது. புது லேபிளைப் பார்த்து “இப்ப சரி” என்றவர், பழையதில் வட்டம் போட்டு என்னிடம் நீட்டினார். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

வாய் வர இரண்டு வருஷம் ஆனது. அதுவும் வாயால் இல்லை. போன ரம்ஜானுக்கு முந்தின நாள், உருது தெரிந்த நண்பரிடம் ஒரு வரி எழுதி வாங்கினேன்: ‘தப்பு என்னுடையது பாஜி, மன்னித்துவிடுங்கள்.’ முதலில் மொழியை உருது என்று குறித்தேன். எழுத்துகள் அரபி மாதிரி நேராகப் படுக்காமல், உருதுவுக்கே உரியபடி சரிந்து இறங்கி வந்தன. லேபிள் தாளிலேயே அச்சடித்து, நண்பர் கையால் எழுதியதோடு ஒவ்வோர் எழுத்தாக வைத்துப் பார்த்தேன், பாஜி பார்ப்பதைப் போலவே.

பாஜி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “எழுத்து சரியா இருக்குது சார்” என்றார். பிறகு ‘பாஸ்’ முத்திரையை எடுத்து அதன்மேல் ஓங்கிக் குத்தி என்னிடமே கொடுத்தார். இப்போது கண்ணாடிக்கு அடியில், வட்டம் போட்ட லேபிளுக்குப் பக்கத்தில், அதுவும் இருக்கிறது.